நீலகிரிப் பாதையில் ஒரு சிறிய கேமரா

கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலம் வரை ஏறி, அங்கிருந்து வடக்கே முதுமலைக் காட்டுக்கு இறங்கும் வழியில், தமிழ்நாட்டில் காணக்கூடிய ஒளியின் பல நிலைகளும் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன. பாக்குத் தோப்பின் நிழல், சுரங்கப்பாதையின் இருள், தேயிலைச் சரிவின் மூடுபனி, உயர்மலையின் கூர்மையான நண்பகல் வெயில், இலையுதிர் காட்டின் மங்கிய மாலை ஆகியவை ஒரே பயணத்தில் அமைவதால், குடும்பத்திற்கும் பயணத்திற்கும் ஏற்ற கேமரா எது என்று ஆராய விரும்புவோருக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் கிடைப்பது அரிது.

சென்னை: இறக்கிவைத்த சுமை

இவ்வழியே சென்ற ஒரு சென்னைக் குடும்பத்தில் பாட்டி, தாய், தந்தை, பள்ளியில் படிக்கும் மகள், இன்னும் பள்ளி செல்லாத மகன் ஆகியோர் இருந்தனர். படம் எடுப்பதில் ஆர்வமும் பயிற்சியும் உடையவர் தாய். அவர் பல ஆண்டுகள் பயன்படுத்தியது முழுச்சட்டகச் சென்சார் கொண்ட டிஎஸ்எல்ஆர் கேமரா. சென்சார் என்பது ஃபிலிமுக்குப் பதிலாக ஒளியைப் பதிவு செய்யும் மின்னணுத் தகடு. முழுச்சட்டகம் என்றால் அத்தகடு 35 மி.மீ. ஃபிலிமின் படச்சட்டத்தைப் போல 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. அகலமும் கொண்டது என்று பொருள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியே வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பிக் காண்குழிக்கு அனுப்புகிறது. படம் எடுக்கும் கணத்தில் அக்கண்ணாடி உயர்ந்து சென்சாருக்கு வழிவிடுகிறது. இந்த அமைப்புக்கு இடம் தேவைப்படுவதால் கேமராவின் உடலும் பெரிதாகவே இருக்கும்.

அவ்வகைக் கேமராவின் உடல் மின்கலத்துடன் ஒரு கிலோவை நெருங்குகிறது, 24–105 மி.மீ. ஜூம் லென்ஸ் சுமார் 670 கிராம், 70–200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மூன்றையும் பையில் இட்டால் மூன்று கிலோவைத் தாண்டும் சுமையைக் கைக்குழந்தையோடும் தண்ணீர்ப் புட்டிகளோடும் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. எனினும், மாற்றத்திற்கு உண்மையான காரணம் எடையன்று. வீட்டில் உள்ள ஆல்பங்களைப் புரட்டியபோது தெரிய வந்த ஒரு குறையே அது. அவற்றில் பாட்டி இருந்தார், குழந்தைகள் இருந்தனர், தந்தை இருந்தார். தாய் அநேகமாக எங்குமே இல்லை. கனமான அந்தக் கேமராவைத் தொட மற்றவர்கள் தயங்கியதால், எடுத்தவர் படத்தில் இடம்பெறாமலே போயிருந்தார்.

கடற்கரை நகரமான சென்னையின் ஈரப்பதம் இன்னொரு கவலையைத் தந்தது. மூடிய பையில் நெடுநாள் கிடக்கும் லென்ஸின் உட்கண்ணாடியில் பூஞ்சை படர்வது இந்நகரத்தில் கேமரா வைத்திருப்போர் நன்கு அறிந்த ஒன்று. கனத்தால் பயன்படாமல் கிடப்பதும், பயன்படாமல் கிடப்பதால் கெடுவதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. ஆகவே பெரிய கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, உறவினர்களிடம் இரவலாகப் பெற்ற இரண்டு சிறிய கேமராக்களுடன் குடும்பம் மலையேறியது. ஒன்று, 13.2 × 8.8 மி.மீ. அளவுள்ள, ஓரங்குல வகை எனப்படும் சென்சாரும் பிரிக்க முடியாத ஜூம் லென்ஸும் கொண்ட, சட்டைப்பையில் அடங்கும் கேமரா; எடை 300 கிராம் அளவில் இருந்தது. மற்றது, 17.3 × 13 மி.மீ. அளவுள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமரா. கண்ணாடி அமைப்பை நீக்கி, சென்சார் காணும் காட்சியையே நேரடியாகத் திரையில் காட்டும் இவ்வகையில் முதலாவது கேமரா 2008இல் பானாசோனிக் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. குடும்பம் இரவல் பெற்ற மிரர்லெஸ்ஸின் எடை, சிறிய ஜூம் லென்ஸுடன் அரைக் கிலோவுக்குள் அடங்கியது.

கல்லாறு முதல் ஹில்குரோவ் வரை

நீலகிரி மலை ரயில்பாதை 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகை வரையிலும் திறக்கப்பட்டது. 46 கி.மீ. நீளமுள்ள இப்பாதையில் 16 சுரங்கங்களும் 208 வளைவுகளும் உள்ளன. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாற்றைக் கடந்ததும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புச் சட்டம் தொடங்க, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியவாறு, ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் எனும் செங்குத்தான சரிவில் ஏறுகிறது. கல்லாற்றின் பாக்குத் தோப்புகளும் பலா மரங்களும் கீழே விலக, பெட்டிக்குள் காற்று குளிர்ந்து, சமவெளியின் புழுக்கம் சில வளைவுகளுக்குள் நினைவாகிவிடுகிறது.

ஒடுங்கிய இப்பெட்டிகளில் முழங்காலோடு முழங்கால் இடிக்கப் பயணிகள் எதிரெதிரே அமர்கின்றனர். இத்தகைய இடத்தில் தேவைப்படுவது அகன்ற பார்வை. லென்ஸின் குவியத் தொலைவு குறையக் குறைய அது காணும் கோணம் விரிகிறது. முழுச்சட்டகக் கணக்கில் 28 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 75 பாகை அளவும், 24 மி.மீ. லென்ஸ் 84 பாகை அளவும் காண்கின்றன. எண்ணில் சிறிதாகத் தோன்றும் அவ்வேறுபாடு, எதிர் இருக்கையில் உள்ள மூவரோடு சன்னலில் தெரியும் பள்ளத்தாக்கும் படத்தில் அடங்குமா என்பதைத் தீர்மானித்தது. 24 மி.மீ.யில் தொடங்கும் சட்டைப்பைக் கேமரா அதைச் செய்தது, 28 மி.மீ.க்கு ஒப்பான லென்ஸோடு இருந்த மிரர்லெஸ் ஒருவரை வெட்டியே எடுத்தது.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பும்போது பயணிகள் இறங்கி, தேநீரும் வடையும் வாங்கிக்கொண்டு, குரங்குகளிடமிருந்து அவற்றைக் காத்தவாறே எஞ்சினைச் சூழ்ந்து நிற்கின்றனர். எண்ணெயும் புகைக்கரியும் படிந்த உடையுடன் இருந்த எஞ்சின் பணியாளர் ஒருவர், திருச்சி பொன்மலைப் பணிமனையில் இவ்வகை எஞ்சின்கள் புதிதாகவே கட்டப்பட்ட செய்தியைப் பெருமையோடு மகளுக்கு விளக்கினார். அப்பெண் கையில் இருந்த சிறிய கேமராவால் அவரை எடுக்க அனுமதி கேட்டபோது, அவர் எந்த விறைப்புமின்றிப் பற்சக்கரத்தைக் காட்டிப் பேசிக்கொண்டே நின்றார். பெரிய லென்ஸ் முகத்திற்கு நேரே நீளும்போது பலரும் நிமிர்ந்து, உதட்டை இறுக்கிக்கொள்வது வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் கருவி அந்தத் தூரத்தைக் குறைக்கிறது. பணியாளரோடு தாயும் சேர்ந்து நின்ற படம், அவர் இடம்பெற்ற அரிய பயணப் படங்களுள் ஒன்றாக அங்கே உருவாயிற்று.

குன்னூர்: மூடுபனியும் கொழுந்தும்

குன்னூரை அடையும்போது உயரம் 1,700 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. சில்வர் ஓக் மரங்களின் இடையே தேயிலைச் செடிகள் இடுப்புயரத்தில் வெட்டப்பட்டு விரிந்திருக்க, முற்பகலிலேயே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து வரிசைகளை ஒவ்வொன்றாக மறைக்கிறது. சென்னையில் நிழலைத் தேடி நடக்கும் குடும்பம் இங்கே வெயில் விழும் இடத்தைத் தேடி நின்றது.

மூடுபனி எல்லாக் கேமராவுக்கும் இரண்டு இடர்களைத் தருகிறது. ஒளியை அளக்கும் அமைப்பு, எதிரே உள்ள காட்சியின் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று கருதிக் கணக்கிடுவதால், வெண்பனியை அழுக்குச் சாம்பலாகப் பதிவு செய்கிறது. ஒளியளவுத் திருத்தத்தை முக்கால் முதல் ஒரு படி வரை உயர்த்தினால்தான் பனி பனியாக வருகிறது. இரண்டாவதாக, தானியங்கிக் குவியம், அதாவது கேமரா தானே தெளிவுப்புள்ளியைத் தேடும் முறை, விளிம்புகள் மங்கிய காட்சியில் பற்றுக்கோடின்றி முன்னும் பின்னும் அலைகிறது. அப்போது மரத்தின் அடிப்பகுதி போன்ற கரிய விளிம்பைக் காட்டிக் குவிக்க வேண்டும். ஒளியளவைத் திருத்தத் தனிச் சக்கரம் உள்ள கேமரா இத்தகைய இடத்தில் கையோடு ஒத்துழைக்கிறது. பட்டியலுக்குள் பட்டியலாகப் புகுந்து தேட வேண்டிய கேமரா, பனி விலகிய பிறகே தயாராகிறது. வாங்குவோர் விளம்பர எண்களைவிட இந்தச் சக்கரம் எங்கே இருக்கிறது என்பதைக் கடையிலேயே விரலால் தொட்டுப் பார்ப்பது நல்லது.

கொழுந்து பறிக்கும் பெண்களுள் மூத்தவர் ஒருவர், வேலை முடிந்த பிற்பகலில் குடும்பத்தை, வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் உள்ள தம் லைன் வீட்டிற்கு அழைத்துச் சென்று, இஞ்சி தட்டிப் போட்ட தேநீரும் வர்க்கியும் தந்தார். மைதாவை அடுக்கடுக்காக மடித்துச் சுடும் ஊட்டி வர்க்கி, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மலையுணவு. தேநீரில் தோய்த்த மறுகணமே மேலடுக்கு நெகிழ்ந்து, உள்ளடுக்கு மொறுமொறுப்பாக நிற்பது அதன் சிறப்பு. அப்பெண்ணின் கதை இலங்கையில் தொடங்குகிறது. அங்குள்ள மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்களுள் பெருந்தொகையினர், 1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் மறுவாழ்வுக்காகவே தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அம்மூதாட்டியும் சிறுமியாகத் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர். புறப்படுவதற்கு முன் ஸ்டூடியோ ஒன்றில் குடும்பமாக நின்று எடுத்த ஒரேயொரு கறுப்பு-வெள்ளைப் படம் அவர் வீட்டுச் சுவரில் இருந்தது. “எங்கம்மா முகம் எனக்கு இதுல மட்டும்தான் இருக்கு, தாயி” என்று அவர் பாட்டியிடம் கூறினார்.

குடும்பப் படத்தின் பயன் யாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. அப்படத்தின் விளிம்புகள் மங்கியிருந்தன. பின்புலத் திரை சுருங்கியிருந்தது. எனினும் இருக்க வேண்டியவர்கள் அனைவரும் அதில் இருந்தனர். லைன் வீட்டின் உள்ளறையில் ஒரே சன்னலின் ஒளியில் அம்மூதாட்டியையும் அவர் பேத்தியையும் எடுக்க வேண்டியிருந்தபோது, மிரர்லெஸ் கேமராவில் ஜூம் லென்ஸைக் கழற்றி, எஃப்/1.8 துளை கொண்ட சிறிய நிலைக்குவிய லென்ஸைப் பொருத்தினார் தாய். துளை என்பது லென்ஸுக்குள் ஒளி புகும் வழி. எஃப் எண் குறைந்தால் துளை பெரிது. எஃப்/1.8 துளை, சிறிய ஜூம்களில் வழக்கமான எஃப்/3.5 துளையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. 120 கிராம் எடைகூட இல்லாத அந்த லென்ஸ், சென்சார் சிறிதானதால் நேர்ந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்தது.

உதகை: இந்து நகரின் இருட்டறைகள்

உதகைக்கும் ஒளிப்படத்திற்கும் உள்ள உறவு நெடியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏ. டி. டபிள்யூ. பென் எனும் ஆங்கிலேயர் இங்கு ஸ்டூடியோ நடத்தி, மலையின் மக்களையும் காட்சிகளையும் பதிவு செய்தார். அவர் காலத்துக் கேமராக்கள் கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்த கனத்த மரப்பெட்டிகள். அவற்றைத் தூக்கிச் செல்ல ஆள் தேவைப்பட்டது. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், கனத்த தட்டுக் கேமராவைச் சுமந்து மலையில் நடக்க உடல்நலம் இடம் தராததால், திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய கருவியை வடிவமைத்தார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று முழுச்சட்டகம் எனப் பெரிதாகக் கருதப்படும் 36 × 24 மி.மீ. அளவு, அன்று சிறிய கேமராவின் அளவாக இருந்தது. ஆகவே சிறிய கேமராவை நாடுவது தரத்தில் இறங்குவது என்ற எண்ணத்திற்கு ஒளிப்பட வரலாற்றில் ஆதரவில்லை.

உதகையின் ஒரு பகுதிக்கு இந்து நகர் என்ற பெயரைத் தந்தது, 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் எனும் பொதுத்துறை நிறுவனம். கறுப்பு-வெள்ளைப் படச்சுருள்களையும் எக்ஸ்ரே படலங்களையும் ‘இந்து’ எனும் பெயரில் அது தயாரித்தது. பிற்காலத்தில் நலிவுற்று மூடப்பட்ட அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளி ஒருவர், கேரட் கட்டுகளும் மலைப்பூண்டும் குவிந்த சந்தையை ஒட்டிய தேநீர்க் கடையில் குடும்பத்தோடு உரையாடினார். ஒளிபட்டால் வெள்ளி உப்பின் பூச்சு கெட்டுவிடும் என்பதால், இருளிலேயே சுவரைத் தடவி நடந்து, ஒலியைக் கொண்டே சகதொழிலாளியின் இருப்பை அறிந்து வேலை செய்த ஆண்டுகளை அவர் விவரித்தார். “ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படந்தாம்மா. அதனால எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லாப் பாப்பாங்க” என்ற அவருடைய சொல்லை மகள் குறித்துக்கொண்டாள். நினைவட்டையில் ஆயிரக்கணக்கில் இடம் இருப்பினும், பார்ப்பதற்கு உரிய கவனம் அளவுடையதே என்பதை அச்சொல் உணர்த்துகிறது.

தோடர் மந்து: அனுமதியும் அண்மையும்

உதகையைச் சுற்றியுள்ள புல்வெளிகளில், அரைப்பீப்பாய் வடிவில் கூரை வளைந்த பழைய வீடுகளோடு தோடர்களின் குடியிருப்புகளான மந்துகள் அமைந்துள்ளன. எருமை வளர்ப்பைத் தம் வாழ்வின் மையமாகக் கொண்ட தோடர்கள், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் இழை எண்ணி இழைக்கும் பூ வேலைப்பாடு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. மந்துக்குள் நுழையும் முன்பும், எதையும் எடுக்கும் முன்பும் அனுமதி கேட்பது அடிப்படை மரியாதை. கோயிலாக வழிபடப்படும் கட்டடங்களை நெருங்காதிருப்பதும் அதில் அடங்கும்.

வாசலில் அமர்ந்து போர்வையில் பூ வேலை செய்துகொண்டிருந்த இரு பெண்கள், முதலில் பாட்டியோடு பேசினர். நெடுநேரம் கேமரா பையிலேயே இருந்தது. பின்னர் ஒரு பெண் தம் கைவேலையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்போது தெரிந்த இன்னொரு பயன், மடக்கித் திருப்பும் திரை. கண்ணருகே கருவியை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொள்ளாமல், இடுப்பளவில் பிடித்துக் குனிந்து பார்த்து எடுக்க முடிந்ததால், பேசுபவரின் கண்ணைப் பார்ப்பதும் படம் எடுப்பதும் ஒருசேர நடந்தன. இழைகளின் நெருக்கத்தைப் பெரிய கேமராவோடு ஒப்பிடத்தக்க தெளிவில் மிரர்லெஸ் காட்டியது. நல்ல ஒளியில், வீட்டில் அச்சிடும் அளவுக்குள், சென்சார் அளவின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதற்கு அப்படங்கள் சான்று. அப்பெண்களுக்குப் படத்தின் அச்சுப்பிரதியை அஞ்சலில் அனுப்புவதாகக் குடும்பம் வாக்களித்தது. பயணம் முடிந்ததும் நிறைவேற்றப்பட்ட முதல் கடமையும் அதுவே.

முதுமலை: சிறியது தோற்கும் இடம்

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால், யூகலிப்டஸ் மணம் மறைந்து, மூங்கிலும் தேக்கும் நிறைந்த வறண்ட காடு தொடங்குகிறது. 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2007இல் புலிகள் காப்பகமான முதுமலையில், மாலை மங்கும் வேளையில் சாலையோரப் புதர்களுக்கு அப்பால் காட்டெருமைக் கூட்டம் ஒன்று நின்றது.

இங்கு உண்மையை மறைப்பதில் பயனில்லை. சட்டைப்பைக் கேமராவின் ஜூம் 200 மி.மீ.க்கு ஒப்பான தொலைவில் முடிந்துவிட்டது. மிரர்லெஸ்ஸுக்கு உரிய 300 மி.மீ.க்கு ஒப்பான சிறு டெலி லென்ஸ் இன்னும் சற்று நெருங்கியது. ஆனால் இரண்டின் துளைகளும் தொலைமுனையில் குறுகியவை. முழுச்சட்டகத்தின் பரப்பு 864 சதுர மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் பரப்பு அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு; ஓரங்குல வகையின் பரப்பு ஏழில் ஒரு பங்கு. வெளிச்சம் குறையும்போது, திரட்டப்படும் ஒளியும் அவ்வளவுக்குக் குறைந்து, படத்தில் நாய்ஸ் எனப்படும் புள்ளிகள் மிகுகின்றன. காட்டுயிர்ப் படமே நோக்கமாக இருப்பின் பெரிய கேமராவுக்கும் நீண்ட லென்ஸுக்கும் மாற்றில்லை. குடும்பமோ இருகண் தொலைநோக்கியைக் கைமாற்றிக்கொண்டு, மகன் காட்டெருமையின் வெள்ளைக் கால்களை முதன்முறையாகக் கண்டு கூவியதைக் கேட்பதில் அவ்வேளையைக் கழித்தது.

மறுநாள் தெப்பக்காடு யானைகள் முகாமில் நிலைமை மாறியது. 2023இல் ஆஸ்கர் விருது வென்ற ஆவணப்படத்தால் உலகறிந்த அம்முகாமில், ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு சேர்த்துச் சமைத்துக் கட்டியாக உருட்டிய உணவை மாவுத்தர்கள் யானைகளின் வாய்க்குள் நேரே ஊட்டுகின்றனர். தலைமுறைகளாகக் காட்டோடு வாழும் பழங்குடியினரான அவர்கள், ஒவ்வொரு யானையின் உணவளவையும் குணத்தையும் மனத்தில் வைத்துப் பேசுவது கேட்கத்தக்கது. தடுப்புக்கு அப்பால் நின்று அதைப் பதிவு செய்ய எந்தச் சிறிய கேமராவும் போதுமானதாக இருந்தது. யானையின் துதிக்கை அசைவில் படம் கலங்காதிருக்க ஷட்டர் வேகத்தை, அதாவது சென்சார் ஒளியைப் பெறும் கால அளவை, 1/250 நொடிக்குக் குறுக்கியதே போதுமானதாக இருந்தது; ஓடும் குழந்தைகளுக்கும் அதே விதி பொருந்துகிறது. முதல் நாளில் தவறவிட்ட காட்சிகளும் இரண்டாம் நாளில் கிடைத்த படங்களும் சேர்ந்தே அக்குடும்பத்தின் தேவையை வரையறுத்தன.

தெரிவு

சமவெளிக்குத் திரும்பிய பின் இரண்டு கேமராக்களின் படங்களும் பெரிய திரையில் ஒருங்கே பார்க்கப்பட்டன. ரயில் பெட்டியிலும் சந்தையிலும் சட்டைப்பைக் கேமரா முந்தியது. உள்ளறையிலும் மூடுபனியிலும் மிரர்லெஸ் முந்தியது. காட்டின் மாலையில் இரண்டும் பின்தங்கின. இரண்டுள் ஒன்றையே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலையில், இருண்ட வீட்டுக்குள் எடுக்கப்படும் படங்களே குடும்ப ஆல்பத்தில் மிகுதி என்பதைக் கருதி, மிரர்லெஸ் உடலும் எஃப்/1.8 லென்ஸும், 24 மி.மீ.க்கு ஒப்பாகத் தொடங்கும் சிறு ஜூம் ஒன்றும் போதும் என்று முடிவாயிற்று. காட்டுயிருக்காக நீண்ட லென்ஸ் வாங்கும் எண்ணம் கைவிடப்பட்டது. அம்முடிவுக்கு அழுத்தமான காரணம், அப்பயணத்தின் படங்களில் தாய் பலமுறை இடம்பெற்றிருந்தமையே. பாட்டி எடுத்த படம் ஒன்றில், தேயிலைச் சரிவில் மகனைத் தோளில் ஏற்றி அவர் நின்றார்.

சிறிய கேமரா வாங்க எண்ணும் வாசகர்கள் கடைக்குச் செல்லும் முன், தம்மிடம் உள்ள பழைய படங்களின் கோப்புகளைத் திறந்து, அவை எந்தக் குவியத் தொலைவில், எத்தகைய ஒளியில் எடுக்கப்பட்டவை என்பதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் அவ்விவரம் பதிவாகியிருக்கிறது. அதற்கேற்ற லென்ஸை முதலில் தெரிந்துகொண்டு, அந்த லென்ஸுக்கு உரிய உடலைப் பிறகு தேர்ந்தெடுப்பதே முறை. கடையில் அக்கேமராவை வீட்டிலுள்ள ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, அவர்களால் தயக்கமின்றி ஒரு படம் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எல்லாக் கைகளுக்கும் இசையும் கேமராவை வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் நல்ல படங்களைத் தேர்ந்து அச்சிட்டு, அவற்றில் உள்ளோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.